தங்கவயலில் ஒரு சிறு டாங்கி

கோலார் தங்கவயலைக் காண விரும்பும் அன்பர்கள் பங்காரப்பேட்டையில் இறங்கி, மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதை வண்டியில் ஏறுதல் வேண்டும். பாதை நீண்டதன்று, ஏறி அமர்ந்து நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். ஆயினும் அச்சிறு பாதையில் நிற்கும் நிலையங்களின் பெயர்களே ஒரு வரலாற்றைச் சொல்லும். பி.இ.எம்.எல். நகர், கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று அவை வரிசையாக வருகின்றன. தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்னும் மூன்று மொழிகளின் ஓசையும் அவற்றில் கலந்து ஒலிப்பதைக் கேட்கலாம். காலை வேளையில் எதிர்த்திசையில் செல்லும் வண்டிகளைக் கவனித்தால் மற்றொரு செய்தியும் விளங்கும். பெங்களூருக்கு வேலைக்கும் கல்லூரிக்கும் செல்வோர் நிற்கவும் இடமின்றி நிறைந்து போகின்றனர். ஒரு காலத்தில் வேலை தேடி மக்கள் வந்து சேர்ந்த ஊர் இது. இன்று வேலை தேடி மக்கள் நாள்தோறும் வெளியே சென்று இரவில் திரும்பும் ஊராக இருக்கிறது.

மண்ணும் மக்களும்

தங்கவயலின் கதையை நம் சங்கத்துக் குடும்பங்களிற் பல அறியும். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்ட பின், வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நம்மவர் கூட்டங்கூட்டமாக வந்து சேர்ந்தனர். ‘லைன்’ என்று வழங்கிய நெருக்கமான வரிசை வீடுகளில் குடியேறி, பூமிக்குள் இறங்கிப் பாறையை உடைத்தனர். 1902-இல் காவிரியின் சிவனசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து இவ்வூருக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெரிய நகரங்கள் பலவும் எண்ணெய் விளக்கில் இருந்த நாளில் சுரங்க இயந்திரங்கள் மின்சாரத்தில் ஓடின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியது. அங்கே பாறை தொட்டால் சுடும். காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பினாலன்றி வேலை செய்ய இயலாது. சொல்லாமற் கொள்ளாமற் பாறை வெடித்து உயிர்கள் போனதும் உண்டு.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. இன்று ஊரைச் சுற்றி நிற்பவை, பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய மண்ணைக் கொட்டிய மேடுகள். ‘சயனைட் மலை’ என்று மக்கள் அவற்றைக் குறிக்கின்றனர். காற்றடிக்கும் மாதங்களில் அம்மண் பறந்து வீட்டுத் திண்ணைகளிற் படிகிறது. பொன் வெளியே போயிற்று. புழுதி இங்கேயே தங்கிவிட்டது என்று ஒரு மூதாட்டி சொன்னது என் செவியை விட்டு அகலவில்லை.

ஆயினும் தங்கவயலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் ஒன்று உண்டு. இவ்வூரார் பொன் எடுக்க மட்டும் கற்றவர்கள் அல்லர். சுரங்கத்தை இயக்கப் பம்புகளும், கூண்டை ஏற்றி இறக்கும் பெருஞ்சக்கரங்களும், காற்றழுத்தக் கருவிகளும் வேண்டியிருந்தன. அவற்றைப் பழுது பார்க்கப் பிட்டர், டர்னர், வெல்டர் என்று தலைமுறை தலைமுறையாகக் கைவினைஞர் உருவாயினர். 1964-இல் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் தோன்றி, இவ்வூரிலேயே மண்வாரி இயந்திரத் தொழிற்சாலையை நடத்தத் தொடங்கியபோது, அக்கைகளுக்கு ஒரு புதிய வேலை கிடைத்தது. அங்கே புல்டோசர்கள் செய்யப்படுகின்றன. டி-72 டாங்கியின் அடிப்பாகத்தின்மேல் அமைந்த கவச மீட்பு வண்டியையும் போலந்து நாட்டாரின் தொழில் உதவியோடு இந்நிறுவனம் செய்து படைக்கு அளித்துள்ளது. போர்க்களத்திற் பழுதுபட்டு நின்றுவிட்ட டாங்கியை இழுத்து வருவதே அவ்வண்டியின் தொழில்.

செயினில் ஓடும் வண்டிகள்

புல்டோசருக்கும் டாங்கிக்கும் பொதுவான உறுப்பு இரும்புச் செயின். சக்கரம் நிலத்தைத் தொடுவதில்லை. சக்கரம் தன் செயினின்மேல் ஓடுகிறது. செயின் நிலத்தின்மேற் கிடக்கிறது. தன் பாதையைத் தானே விரித்து, தானே சுருட்டிக்கொண்டு செல்லும் வண்டி என்று சொல்லலாம். எடை பரந்து விழுவதால் சேற்றிலும் மணலிலும் புதைவதில்லை.

ஆனால் இரண்டுக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. புல்டோசர் மெல்ல நகர்வது. மண்ணைத் தள்ளும்போது அதன் உடல் அசையாமல் இருத்தல் நலம். ஆதலால் அதன் உருளைகளை உறுதியான சட்டத்திற் பொருத்திவிடுகிறார்கள். டாங்கியோ மேடு பள்ளங்களில் விரைந்து ஓட வேண்டியது. உள்ளே மனிதர் இருக்கின்றனர். குறி பார்க்கும் பீரங்கியும் இருக்கிறது. எனவே ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்க வேண்டும். 1916-இல் சோம் போர்க்களத்துக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்த முதல் டாங்கிகளில் ஸ்பிரிங் என்பதே கிடையாது. ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தபோதும் உள்ளிருந்தவர்களின் எலும்புகள் குலுங்கின.

பிற்காலத்தில் வந்த ஏற்பாடுகளிற் சிறந்தது முறுக்குத் தண்டு. ஆவடிக் கனரக வண்டித் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதன்முதலாக வெளிவந்த விஜயந்தா டாங்கியும், பின்னர் வந்த டி-72-உம் இம்முறையைக் கொண்டவை. வண்டியின் அடித்தளத்துக்குக் குறுக்கே ஓர் எஃகுத் தண்டு கிடக்கிறது. அதன் ஒரு முனை எதிர்ப்பக்கத்துச் சுவரிற் பற்றப்பட்டிருக்கும். மறுமுனையில் ஒரு கை. கையின் நுனியிற் சக்கரம். சக்கரம் மேலே எழும்போது தண்டு முறுகுகிறது. பள்ளம் வந்ததும் முறுக்கு அவிழ்ந்து சக்கரத்தைக் கீழே அழுத்துகிறது. ஈரத் துணியைப் பிழியும்போது அது நம் கையை எதிர்த்துத் திரும்புவதைப் போன்றதே இதுவும். ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியில் மட்டும் தண்டுக்குப் பதிலாக, அழுத்தப்பட்ட வாயுவும் எண்ணெயும் இப்பணியைச் செய்கின்றன.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு முற்றம்

என் உறவினர் ஒருவர் ராபர்ட்சன்பேட்டையில் இருக்கிறார்; எனக்கு மாமா முறை. அவருடைய தந்தையார் சுரங்கத்தில் இறங்கியவர். மாமா செயின் வண்டிகளின் அடிப்பாகத்தைப் பொருத்துவதிலேயே தம் பணிக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு முற்றத்தில் நான் கண்டது ஒரு சிறு டாங்கி. சிறிது என்று சொன்னாலும் பொம்மைக் கடையில் விற்கும் அளவன்று. டி-72-ஐ ஆறில் ஒரு பங்காகக் குறைத்துச் செய்தது. உடலின் நீளம் ஏறத்தாழ 115 சென்டிமீட்டர். சக்கரங்களும் செயினும் நீங்கலாக 72 கிலோ எடை. பக்கத்துக்கு ஆறு சக்கரங்கள்; ஒவ்வொன்றுக்கும் மெய்யான முறுக்குத் தண்டு. மாமாவின் பேரன், பொறியியற் கல்லூரி மாணவன், கல்லூரிக் கண்காட்சிக்காக அதை வரைந்திருந்தான். தாத்தா செய்து கொடுத்திருந்தார்.

வண்டி நன்றாக ஓடியது. ஆனால் முற்றத்திலிருந்த ஒரு செங்கல்லின்மேல் ஏறும்போது கட்டையைப் போல நிமிர்ந்து, தொப்பென்று விழுந்தது. சக்கரம் ஒன்றும் மடங்கவில்லை. கல்லின்மேல் நின்றபோது இரண்டு சக்கரங்களே எடையைத் தாங்கின. மற்றவை அந்தரத்தில் தொங்கின.

“எல்லாவற்றையும் ஆறால் வகுத்துத்தானே வரைந்தேன், தாத்தா?” என்றான் பேரன்.

“வகுத்தது சரிதான், தம்பி. ஆனால் இரும்புக்கு உன் வகுத்தல் தெரியாதே!” என்றார் அவர்.

அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சன்று. நீளத்தை ஆறில் ஒன்றாக்கினால் எடை ஆறில் ஒன்றாவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் எடை 216-இல் ஒரு பங்காகிவிடுகிறது. 41 டன் டாங்கி அப்படியே சுருங்கினால் 190 கிலோவே இருக்கும். இவர்கள் செய்தது அதனினும் இலேசு. தண்டின் விறைப்போ அவ்வளவு குறைவதில்லை. சக்கரத்தின் இடத்தில் அளந்தால் ஆறில் ஒரு பங்கே ஆகிறது. அதாவது, தாங்குபவனுடைய வலிமை சற்றே குறைந்தது. அவன் சுமக்கும் மூட்டையோ பெரும்பாலும் மறைந்துவிட்டது. அப்படியே ஆறில் ஒன்றாகச் சுருக்கிய டாங்கி, தன் அளவுக்கு வேண்டியதைவிட ஆறு மடங்கு விறைப்பாக நிற்கும்; எடை இன்னும் குறைந்தால் இன்னும் விறைப்பாகும். எறும்பு தன் எடையைப் போலப் பல மடங்கு சுமப்பதற்கும் யானையால் அது முடியாமைக்கும் காரணம் இதுவே.

சரிசெய்த முறை

அன்று மாலையும் மறுநாளும் அவர்கள் செய்த வேலையை உடனிருந்து கண்டேன். இத்தகைய வேலையில் ஆர்வமுள்ள இளைஞர் நம் குடும்பங்களிலும் உண்டு. ஆதலின் ஒழுங்காகவே சொல்கிறேன்.

முதலில் தண்டுகளை மாற்றினர். பழைய தண்டு 8 மில்லிமீட்டர் தடிமன். அதன்மேல் 6 கிலோ எடை விழும்போது சக்கரம் ஒன்றரை மில்லிமீட்டரே மேலெழும். தண்டின் விறைப்பு அதன் தடிமனை நான்கு முறை தன்னால் பெருக்கிய கணக்கிற் செல்லும். ஆதலால் 8-ஐ 5 ஆக்கியதும் விறைப்பு ஆறரையில் ஒரு பங்காயிற்று; சக்கரம் பத்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக மேலெழுந்தது. பேரன் இதைக் காகிதத்திற் கணக்கிட்டுச் சொன்னான். மாமா கம்பியை இரு கைகளாலும் முறுக்கிப் பார்த்தே, “ஐந்து போதும்” என்று முன்னமே சொல்லிவிட்டிருந்தார்.

தண்டுகளைப் பொருத்துமுன் எமரித் தாளால் தேய்த்தார். குறுக்கே தேய்க்கவில்லை, நீளவாட்டிலேயே தேய்த்தார். குறுக்கே விழும் மெல்லிய கீறலும் பன்முறை முறுகிய பின் வெடிப்பாக வளரும் என்பது அவர் சொன்ன காரணம். பெரிய டாங்கிகளின் தண்டுகளுக்கு இக்காரணம் பற்றியே மேற்காப்புப் பூசுகிறார்கள். மேலும் இடப்பக்கத் தண்டையும் வலப்பக்கத் தண்டையும் ஒருபோதும் மாற்றிப் போடுவதில்லை. ஒரு திசையில் முறுகிப் பழகிய எஃகை எதிர்த்திசையில் முறுக்கினால் விரைவில் ஒடியும். இவர்களும் ஒவ்வொரு தண்டின் முனையிலும் வண்ணப் புள்ளியிட்டு வைத்தனர்.

அடுத்தது கைகளின் கோணம். எடை ஏறும்போது ஒவ்வொரு கையும் 15 டிகிரி அளவுக்கு மேலெழும் என்று கணக்கு. ஆகையால் எடையில்லாதபோது கைகளை அத்தனை கோணம் கீழே தாழ்த்திப் பூட்டினால்தான், எடை ஏறியபின் உடல் தரையிலிருந்து வேண்டிய 80 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். தண்டின் முனையில் பற்கள் வெட்டி இக்கோணத்தை அமைப்பது பெரிய வண்டிகளின் வழக்கம். பழைய ஃபோக்ஸ்வாகன் காரின் பின்தண்டில் உள்முனைக்கு 40 பற்கள், வெளிமுனைக்கு 44 பற்கள். உள்ளே ஒரு பல் முன்னே நகர்த்தி வெளியே ஒரு பல் பின்னே நகர்த்தினால் ஒரு டிகிரிக்கும் குறைவான மாற்றம் கிடைக்கும். இவர்களோ பல் வெட்டாமல், தண்டின் முனையை ஒரு பிடியால் இறுக்கி, அப்பிடியை ஒரு திருகாணியால் நகர்த்தும்படி செய்திருந்தனர். சிறு வண்டிக்கு இதுவே எளிது.

பின்னர்ச் செயினைக் கழற்றி, பாட்டரிகளையும் கோபுரத்தையும் அவற்றுக்குரிய இடத்தில் வைத்து, தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் வண்டியை நிறுத்தினர். முழு எடையும் ஏறாமல் அளப்பது வீண்வேலை. செயினோடு அளப்பதும் வீண்வேலை, ஏனெனில் செயினின் இழுப்பு உண்மையை மறைத்துவிடும். நான்கு மூலைகளிலும் உயரத்தை அளந்தனர். பாட்டரிகள் பின்னால் இருந்தமையால் வால் தாழ்ந்திருந்தது. பின் சக்கரங்களின் திருகாணியை இரண்டு டிகிரி அளவுக்கு ஏற்றியதும் உடல் சமனாயிற்று.

உயரம் சமனானால் போதாது. பன்னிரண்டு சக்கரங்களும் சுமையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதை அறிய மாமா செய்த சோதனை மிக எளியது. ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒரு காகிதத் துண்டை வைத்தார், ஒவ்வொன்றாக இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்த காகிதத்தின்மேலிருந்த சக்கரம் சும்மா நிற்கிறது என்று பொருள். கிழிவதுபோல் இறுகிய காகிதத்தின்மேலிருந்த சக்கரம் பிறர் சுமையையும் தாங்குகிறது. மூன்று முறை சுற்றிவந்து திருகிய பின் பன்னிரண்டு காகிதங்களும் ஒரே மாதிரி இழுத்தன. “குடும்பத்தில் ஒருவனே சுமந்தால் அவன் ஒடிவான்” என்று சொல்லிக்கொண்டே அவர் காகிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி தொட்டிலைப் போல ஆடும். ஆட்டத்தை அடக்க ஒரு தடை வேண்டும். டி-72-இல் முதல், இரண்டாம், ஆறாம் சக்கரங்களுக்கு மட்டும் அத்தகைய அடக்கிகள் உண்டு. மூக்கு குத்துவதும் வால் எழும்புவதும் அவ்விடங்களிலேயே மிகுதி. இவர்களும் அதே மூன்று இடங்களிலும் தோல் வளையங்களை வைத்து, திருகால் அழுத்தி, உராய்வினால் ஆட்டத்தைக் குறைத்தனர். கையால் மூக்கை அழுத்தி விட்டால் ஒரு முறை எழுந்து அடங்க வேண்டும். மூன்று முறை ஆடினால் இறுக்கம் போதாது. எழாமலே நின்றால் இறுக்கம் மிகுதி.

இறுதியாகச் செயின். இதில்தான் மாமாவின் நீண்ட நாள் பழக்கம் தெரிந்தது. செயினை இறுக்கமாக இழுத்து மாட்டினால் அழகாகத் தோன்றும். ஆனால் ஊசிகளும் புதர்களும் விரைவிலே தேயும், மோட்டாரின் வலிமையும் வீணாகும். தளர்ந்திருந்தாலோ திரும்பும்போது கழன்றுவிடும். பெரிய புல்டோசர்களில் மேல் உருளைக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே நேர்க்கட்டை ஒன்றை வைத்து, செயின் தாழ்ந்திருக்கும் இடைவெளியை அளப்பர். 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருப்பது வழக்கம். கிரீஸை உள்ளே அழுத்தினால் முன்சக்கரம் நகர்ந்து செயின் இறுகும். தளர்த்தும்போது அடைப்பை ஒரு சுற்றுக்கு மேல் திருகலாகாது. உள்ளே கிரீஸ் பெரும் அழுத்தத்தில் இருப்பதால் அடைப்பு குண்டைப் போலப் பாயும். இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. சிறு டாங்கியின் செயினுக்கு ஐந்து மில்லிமீட்டர் தொய்வு விட்டார். மாட்டிய பின் முன் சக்கரங்களின் உயரத்தை மீண்டும் அளந்து, செயினின் இழுப்பினால் நேர்ந்த சிறு மாற்றத்தையும் சரிசெய்தார்.

மறுநாள் மாலை அதே செங்கல்லின்மேல் வண்டி ஏறியது. முதற் சக்கரம் மடங்கியது, அடுத்தது மடங்கியது, உடல் மட்டும் நீரிற் செல்லும் தோணியைப் போல அமைதியாக நகர்ந்தது. அண்டை வீட்டுச் சிறுவர் கைதட்டினர். மாமா தட்டவில்லை. குனிந்து, கடைசிச் சக்கரம் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதப்படாத ஏடு

தங்கவயலின் பொன் எவ்வளவு என்று கேட்டால் ஏறத்தாழ 800 டன் என்று சொல்லிவிடலாம். அது கணக்கில் ஏறியது. ஆனால் மூன்று தலைமுறைக் கைகளில் ஏறியிருந்த அறிவுக்குக் கணக்கேடு இல்லை. சுரங்கம் மூடியபோது இயந்திரங்கள் துருப்பிடித்ததை யாவரும் கண்டனர். கூண்டுக் கயிற்றின் ஓசையைக் கேட்டே அதன் நலத்தை அறிந்தவரும், கம்பியைக் கையால் முறுக்கித் தடிமன் சொன்னவரும் ஒருவர்பின் ஒருவராக மறைவதை யார் கண்டனர்? பேரனுக்குச் சூத்திரம் தெரியும். ஆயினும் காகிதத் துண்டை வைத்துச் சுமையை அளக்கும் வித்தை அவன் படித்த நூல்களில் இல்லை. தாத்தாவுக்கு நான்காம் பெருக்கத்தின் கணக்குத் தெரியாது. ஆயினும் ஐந்து போதும் என்று அவர் கை சொன்னது. இரண்டு அறிவும் ஒரே முற்றத்தில் இரண்டு நாள் கூடியிருந்தமையால்தான் அந்த வண்டி ஓடியது. மறு ஆண்டு பேரன் பெங்களூரிலோ அதற்கும் அப்பாலோ இருப்பான், முற்றம் இருக்கும், தாத்தாவுக்கு வயது கூடியிருக்கும்.

அவன் ஒரு காரியம் செய்திருந்தான். அது எனக்குப் பெரிதும் மகிழ்ச்சி அளித்தது. தாத்தா சொன்ன ஒவ்வோர் அளவையும், அதற்கு அவர் சொன்ன காரணத்தையும், அவர் வழங்கிய சொற்களிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வைத்திருந்தான். ‘செயின் தொய்வு’, ‘சும்மா நிற்கும் சக்கரம்’ என்னும் தலைப்புகள் அதில் இருந்தன.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் இத்தகைய ஒருவர் இருக்கிறார். இரயில்வேயில் இருந்தவர், ஆலையில் இருந்தவர், துறைமுகத்தில் இருந்தவர், தோட்டத்தில் இருந்தவர் என்று அவர்கள் பலவகையினர். அவர்கள் ஓய்வாகத் திண்ணையில் அமர்ந்திருக்கும் இந்நாளிலேயே, பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் அருகே சென்று அமர்தல் வேண்டும். பேச்சைத் தொடங்க வழி தெரியாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். நம் ஊர்கள் பலவற்றில் விஜயந்தா டாங்கியை நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். பெரியவரை அங்கே அழைத்துச் சென்று, இடப்பக்கச் சக்கரங்களும் வலப்பக்கச் சக்கரங்களும் ஏன் நேருக்கு நேர் அமையாமல் சற்று முன்பின்னாக இருக்கின்றன என்று கேளுங்கள். இரண்டு பக்கத்துத் தண்டுகளும் வண்டியின் முழு அகலத்துக்கும் கிடப்பதால் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் வந்த முன்பின் அது. விடை உங்களுக்கு முன்னமே தெரிந்திருக்கட்டும்; அவர் அதைத் தம் சொற்களில் எப்படிச் சொல்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.